நிலக்கரி நீக்கமும் நாடுகளின் நெறியும்

சென்ற பருவத்தின் இறுதியில் நம் கல்லூரிச் சொற்போர்க் கழகத்தில், நிலக்கரியால் மின்சாரம் ஆக்குதலை உலக நாடுகள் உடனே நிறுத்தல் வேண்டும் என்பது பொருளாக ஒரு வாதம் நிகழ்ந்தது. ஆதரித்துப் பேசிய நண்பர் இங்கிலாந்தை எடுத்துக்காட்டி, "அந்நாடு நிறுத்திவிட்டதன்றோ? பிறர்க்கு யாது தடை?" என்று வினவியபொழுது அவையெங்கும் கைதட்டல் எழுந்தது. மறுத்துப் பேசியவர் ஜெர்மனியைச் சுட்டி, "அத்துணைச் செல்வமும் விஞ்ஞானத் திறனும் படைத்த நாடே 2038 வரையில் தவணை கேட்கின்றதே" என்றபொழுதும் அதே அவை அதே ஆரவாரத்துடன் கைதட்டிற்று. யானும் இருமுறையும் தட்டினேன் என்பதை மறைத்தற்கில்லை. அவை கலைந்து விடுதிக்கு மீளும் வழியிலேதான் ஓர் ஐயம் என்னை உறுத்தலாயிற்று. வாதித்தோர் இருவரும் ஆண்டுகளை எண்ணினரேயன்றி, அவ்வாண்டுகளுக்கிடையே மாந்தர்க்கு நேர்ந்தது யாது என்பதை எண்ணினாரல்லர். கைதட்டிய யாமும் எண்ணினேமல்லேம்.

அதன்பின் பொழுது கிடைத்தபோதெல்லாம் நூலகத்தில் இப்பொருள்பற்றித் தேடிப் படித்துவந்தேன். படித்ததன் பயனாக எனக்குத் தோன்றிய கருத்து இது: ஒரு நாடு நிலக்கரியை எந்த ஆண்டில் விட்டது என்பதைக்கொண்டு அதனைப் புகழ்தலோ இகழ்தலோ பொருந்தாது. விடப்போகின்றோம் என்று அந்நாடு யாரிடம், எப்பொழுது சொல்லிற்று? சொன்ன நாளுக்கும் விட்ட நாளுக்கும் இடையே என் செய்தது? இவ்விரண்டையுமே கேட்டல் வேண்டும். இதனைச் சில நாடுகளின் சரித்திரத்தைக்கொண்டு ஈண்டு ஆராய முற்படுகின்றேன். பொருளாதார மாணவர்கள் பிழை கண்டால் பொறுத்தருள்வாராக.

நிலக்கரியை விடுதல் வேண்டுமா என்பதில் எனக்கு ஐயமில்லை. ஒரு யூனிட் மின்சாரத்தை நிலக்கரியால் ஆக்குங்கால் ஏறக்குறைய ஒரு கிலோகிராம் கரியமிலவாயு வெளிப்படுகின்றது. எரிவாயுவால் ஆக்கின் அதிற் பாதியளவே வெளிப்படும். காற்றாலும் கதிரொளியாலும் ஆக்குங்கால் எரிப்பதற்கே ஒன்றுமில்லை. புவி வெப்பமுறுதலின் முதற்காரணங்களுள் நிலக்கரி ஒன்று என்பதை இன்று கற்றோர் மறுப்பதில்லை. ஆதலின் அதனை விட்டுவிடாது இங்கு விடும் முறையைப்பற்றியே பேசுவோம்.

முதற்கண் இங்கிலாந்து. 1882-ஆம் ஆண்டில் லண்டன் மாநகரின் ஹோல்பர்ன் வயாடக்ட் என்னுமிடத்தில், எடிசனது முயற்சியால், நிலக்கரியை எரித்துப் பொதுமக்களுக்கு மின்சாரம் வழங்கும் நிலையம் தொடங்கப்பெற்றது. உலகில் அவ்வகையில் அதுவே முதலாவது என்பர். 2024-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள், நாட்டிங்காம்ஷையரில் ராட்கிளிஃப்-ஆன்-சோர் என்னும் 2,000 மெகாவாட் நிலையம் தன் அடுப்பை அவித்தது. அதனோடு அந்நாட்டில் நிலக்கரி மின்சாரம் முற்றுப்பெற்றது. இடையே கழிந்தவை 142 ஆண்டுகள். இன்னும் வியத்தகுவது முடிவின் விரைவு. 2012-ஆம் ஆண்டில் அந்நாட்டு மின்சாரத்திற் பத்தில் நான்கு பங்கு நிலக்கரியினின்று பிறந்தது. பன்னிரண்டே ஆண்டுகளில் அஃது இல்லையாயிற்று.

இது நிகழ்ந்தவாறு யாங்ஙனம் எனின், ஒரு வழியாலன்று, பல வழிகள் ஒருங்கு கூடியதனால் என்க. நச்சுப்புகையைக் கட்டுப்படுத்தும் ஐரோப்பியச் சட்டங்கள் பழைய நிலையங்கள் பலவற்றை மூடச்செய்தன. 2013-ஆம் ஆண்டு முதல் மின்நிலையங்கள் வெளியிடும் கரியமிலவாயுவுக்கு அரசாங்கம் தனியே ஒரு வரி விதித்தது. பின்னர் அது டன் ஒன்றுக்கு 18 பவுன் அளவில் நிறுத்தப்பட்டது. இவ்வரியால் நிலக்கரி விலையேற, எரிவாயு மலிவாயிற்று. வடகடலில் நாட்டிய காற்றாலைகளும் ஆண்டுதோறும் பெருகின. 2015-ஆம் ஆண்டு நவம்பரில், அப்போது மந்திரியாயிருந்த ஆம்பர் ரட் அம்மையார், 2025-க்குள் நிலக்கரி நிலையங்கள் யாவும் மூடப்படல் வேண்டும் என்று அறிவித்தார். சொன்ன தவணைக்கு முன்னரே அது நிறைவேறியது. தொழிலாளர்க்கும் முதலாளிகட்கும் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் முன்னறிவிப்புக் கிடைத்தது. ராட்கிளிஃப் நிலையம் மூடுமளவில் அங்குப் பணியாற்றியோர் 170 பேர் அளவினரே. அவர்கள் தம் நாளை அறிந்திருந்தனர். இவ்வளவும் பாராட்டத்தக்கதே. (இங்கிலாந்தின் மிகப்பெரிய நிலக்கரி நிலையமாயிருந்த டிராக்ஸ், நிலக்கரியை விட்டு, வட அமெரிக்கக் காடுகளினின்று கப்பலேறிவரும் மரத்துண்டங்களை எரிக்கின்றது. இதனை நிலக்கரி நீக்கக் கணக்கில் எழுதுவது எவ்வகை அறமோ யான் அறியேன்.)

நிற்க. 170 பேருக்கு நன்மொழி கூறி விடையளித்தல் எளிதாயிற்றே, அஃது எதனால்? அவர்க்குப் பின்னே நின்றிருக்கவேண்டிய பல இலட்சம் சுரங்கத் தொழிலாளர் முன்னமே மறைந்துபோயினமையால். 1920-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் உழைத்தோர் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டவர். 1947-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் சுரங்கங்கள் நாட்டுடைமையாக்கப்பட்டன. பின்னர் எண்ணெயும் எரிவாயுவும் வரவரச் சுரங்கங்கள் குறைந்துகொண்டே வந்தன. 1984-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், இருபது சுரங்கங்களை மூடி இருபதினாயிரவரை நீக்கும் திட்டம் வெளிப்பட்டபொழுது, ஆர்தர் ஸ்கார்கில் தலைமையில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். பிரதம மந்திரியாயிருந்த மார்கரெட் தாட்சர் அம்மையார் இணங்கினாரல்லர். ஓராண்டு ஊதியமின்றிக் கழிந்தது. மகளிர் கூடிப் பொது அடுக்களைகள் நடத்திச் சிற்றூர்களைக் காத்தனர். 1985-ஆம் ஆண்டு மார்ச்சில், ஓர் உடன்படிக்கையுமின்றி, கொடியும் இசைக்கருவியும் ஏந்தித் தொழிலாளர் சுரங்கவாயிலுக்குத் திரும்பினர். பின்வந்த பத்தாண்டுகளில் பெரும்பாலான சுரங்கங்கள் மூடப்பட்டன. வேலைநிறுத்தத்தில் பெரும்பாலோர் சேராது உழைத்த நாட்டிங்காம்ஷையரும் தப்பவில்லை. அம்மாவட்டத்தின் இறுதிச் சுரங்கமான தோரெஸ்பியும், நாட்டின் இறுதி ஆழ்சுரங்கமான யார்க்ஷையரின் கெல்லிங்லியும் ஒரே ஆண்டில், 2015-இல், மூடின.

அச்சுரங்கங்கள் வானைக் காத்தற்பொருட்டு மூடப்பட்டனவல்ல. சுரங்கங்கள் மூடிய பின்னரும் மின்நிலையங்கள் எரிந்துகொண்டேயிருந்தன. அவற்றுக்கு வேண்டிய கரி ரஷ்யாவினின்றும் கொலம்பியாவினின்றும் அமெரிக்காவினின்றும் கப்பல்களில் வந்திறங்கிற்று. வேல்ஸ் நாட்டுப் பள்ளத்தாக்குகளிலும் யார்க்ஷையர்ச் சிற்றூர்களிலும் சுரங்கமே ஊராயிருந்தது. சுரங்கம் போனபின் கடையும் கழகமும் இசைக்குழுவும் தேய்ந்தன. புதுத்தொழிலுக்கு வழிசெய்யும் முயற்சிகள் சில இருந்தனவாயினும் அவை பட்ட காயத்தின் அளவுக்கு ஒவ்வாதன. ஆகவே வேலையை இழந்தவர் 1985-இல் இழந்தனர். அதனால் வானுக்கு வந்த நன்மை சிறிது. 2024-இல் நாடு புகழ்பெற்றபோது அவ்விழப்பை நினைத்தார் சிலரே. கடனைக் கட்டியவர் ஒருவர், ரசீதைப் பெற்றவர் வேறொருவர். இங்கிலாந்தைப் பார்த்துப் பிற நாடுகள் கற்கவேண்டுவது 2015-க்குப் பிற்பட்ட ஒன்பது ஆண்டுகளையே. அதற்கு முந்திய முப்பதாண்டுகளை அன்று.

இதனால் யான் நிலக்கரி வாழ்வைப் போற்றிப் புலம்புகின்றேன் என எவரும் கொள்ளவேண்டா. 1952-ஆம் ஆண்டு டிசம்பரில் லண்டனை மூடிய கரும்புகை சில நாட்களிலேயே நாலாயிரவர்க்குக் குறையாதவரைக் கொன்றது. அதன் விளைவாகவே 1956-இல் தூயகாற்றுச் சட்டம் பிறந்தது. 1966-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாள் வேல்ஸ் நாட்டு அபர்வான் என்னும் ஊரில், மலைமேற் குவித்த சுரங்கக் கழிவு சரிந்து பள்ளிக்கூடத்தின்மேல் வீழ்ந்தது. மாண்டவர் 144 பேர், அவருள் 116 பேர் குழந்தைகள். இத்தொழில் ஒழிதல் நன்றே. ஒழிவதற்கும் ஒழிக்கப்படுவதற்கும் உள்ள வேறுபாட்டையே யான் கூறுகின்றேன்.

இனி ஜெர்மனி. அந்நாட்டில் கருநிலக்கரி, பழுப்பு நிலக்கரி என இருவகைக் கரி உண்டு. கருநிலக்கரிச் சுரங்கங்களுக்கு அரசாங்கம் நெடுங்காலம் பொருளுதவி அளித்துவந்தது. 2007-ஆம் ஆண்டில், அவ்வுதவி 2018-ஓடு நிற்கும் என்று மத்திய அரசும் மாகாண அரசும் தொழிற்சங்கமும் நிறுவனமும் கூடி முடிவுசெய்தன. பதினோராண்டு முன்னறிவிப்பு! இடையில் முதியோர் முன்கூட்டியே ஓய்வூதியம் பெற்றனர், இளையோர் வேறு தொழில் பயின்றனர். ஒரு சுரங்கத் தொழிலாளியும் வீதியில் எறியப்படலாகாது என்பது அவர்கள் கைக்கொண்ட விதி. 2018-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள் பாட்ராப் நகரின் புரோஸ்பர்-ஹானியல் சுரங்கம் மூடப்பட்டபொழுது, இறுதியாக வெட்டியெடுத்த கரித்துண்டு ஒன்றைத் தொழிலாளர் மேலே கொணர்ந்து குடியரசுத் தலைவர் ஸ்டைன்மையரின் கையிற் கொடுத்தனர். அழுதவரும் இருந்தனர். ஆயினும் 1985-இல் யார்க்ஷையரில் அழுததற்கும் இதற்கும் உள்ள தூரம் பெரிது.

மின்நிலையங்களைப்பற்றி ஆராய 2018-ஆம் ஆண்டில் ஒரு கமிஷன் அமைத்தனர். வாக்குரிமையுள்ள உறுப்பினர் 28 பேர். தொழிற்சங்கத்தார், ஆலையதிபர், விஞ்ஞானிகள், இயற்கைக் காவலர், சுரங்க நாட்டினர் எனப் பலரும் ஒரே மேசையில் அமர்ந்தனர். 2019-ஆம் ஆண்டு சனவரியில், 2038-க்குள் நிலக்கரியை முற்றும் விடுதல் வேண்டும் என்றும், சுரங்க நாடுகளுக்கு 40,000 கோடி... அன்று, நாற்பது நூறுகோடி யூரோ, அஃதாவது 4,000 கோடி யூரோ அளித்தல் வேண்டும் என்றும் தீர்ப்புரைத்தனர். (இச்சுழிகளை எண்ணுவதிலேயே தமிழ் மாணவனுக்குத் தலை சுற்றுகின்றது.) எதிர்வாக்கு ஒன்றே ஒன்று. 2020-இல் பாராளுமன்றம் இதனைச் சட்டமாக்கிற்று.

குறைகளும் உள. நிலையங்களை மூடுதற்கு ஈடாக இரு பெரு நிறுவனங்கட்கு 435 கோடி யூரோ வழங்க இசைந்தனர். ஊர் இழந்தோர்க்கு இத்துணை விரைவில் எவரும் இசைந்ததில்லை. அணுமின் நிலையங்களை 2023-ஆம் ஆண்டு ஏப்ரலில் முற்றும் மூடிவிட்டு நிலக்கரி நிலையங்களைப் பின்னரும் எரித்தமை முறைபிறழ்ந்ததென்பது என் துணிபு. 2022-இல் ரஷ்ய எரிவாயு நின்றபொழுது உறங்கிய நிலக்கரி நிலையங்கள் சிலவற்றை மீண்டும் எழுப்பவும் நேர்ந்தது. ரைன் நாட்டுப் பகுதியில் முடிவாண்டு 2030 என முன்னே கொணரப்பட்டது. கிழக்கே லாவுசிட்ஸ் நாட்டில் 2038 என்பதே சட்டம்.

அந்த லாவுசிட்ஸ் நாட்டைப்பற்றிச் சிறிது விரித்துரைக்க விரும்புகின்றேன். நம் போன்றோர்க்கு அது முற்றும் அயல்நாடன்று. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கித் தமிழ் கற்று, 1715-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றி முடித்த சீகன்பால்கு ஐயர் பிறந்த புல்ஸ்நிட்ஸ் நகரம் அந்நாட்டைச் சேர்ந்ததே. அங்கே ஜெர்மானியரோடு சோர்பியர் என்னும் சிறுபான்மை மக்களும் வாழ்கின்றனர். அவர்தம் மொழி போலந்து மொழிக்கும் செக் மொழிக்கும் உறவுடையது. 1548-ஆம் ஆண்டிலேயே புதிய ஏற்பாட்டை அம்மொழியில் பெயர்த்தெழுதிய கைப்படி ஒன்று உளது. தமிழில் அச்சேறிய ஏற்பாட்டினும் அது நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேல் மூத்தது.

அச்சிறுமொழி பேசுவோரின் நிலத்தின் கீழே பழுப்பு நிலக்கரி கிடந்தது அவர்கள் செய்த தவப்பயனோ தீவினையோ! பழுப்பு நிலக்கரியை ஆழ்கிணறு தோண்டி எடுப்பதில்லை. மேல்மண்ணை முழுதும் அகழ்ந்து நீக்கியே எடுப்பர். ஆகவே மண்ணின்மேல் ஊர் இருப்பின் ஊரும் நீங்கல் வேண்டும். இவ்வாறு அந்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்கள் முழுதாகவோ பகுதியாகவோ அழிந்தன. அவற்றுட் பல சோர்பியர் ஊர்கள். ஓரூரார் ஒருங்கு வாழுங்காறும் திண்ணையிலும் கோயிலிலும் தாய்மொழி உயிரோடிருந்தது. ஊர் கலைந்து நகரந்தோறும் சிதறியபின் பேரப்பிள்ளைகள் ஜெர்மன் மொழியிலே பேசத் தொடங்கினர். மொழி நலிந்தமைக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆயினும் கரி தோண்டியதும் அவற்றுள் ஒன்று. மொழியொன்றைப் பாடமாகப் பயில்வோர் நிலக்கரியைப் பொறியியல் மாணவர்க்கு மட்டும் விட்டுவிடலாகாது என்று யான் கருதுவதற்கு இதுவே காரணம்.

ஹோர்னோ என்னும் ஊரார் பல ஆண்டுகள் வழக்காடினர். ஐரோப்பிய மனிதவுரிமை நீதிமன்றம் வரையிற் சென்றும் 2000-ஆம் ஆண்டில் தோற்றனர். பின்னர் ஃபோர்ஸ்ட் நகரின் ஒருபுறத்தில் ஒருங்கே குடியேறி, அப்புதிய இடத்துக்கும் தம் ஊர்ப்பெயரையே இட்டனர். பழைய ஊரின் தேவாலயம் 2004-இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. இன்று அப்புதிய குடியிருப்பில், மறைந்த ஊர்களின் நினைவுக்கென ஒரு காப்பகம் இருக்கின்றது. மேற்கூறிய கமிஷனில் எழுந்த ஒற்றை எதிர்வாக்கு எவருடையது என்று தேடினேன். சுரங்கம் விழுங்கவிருந்த ஊர்களின் சார்பாக லாவுசிட்ஸிலிருந்து வந்தமர்ந்த ஓர் அம்மையாருடையது! 27 பேர் ஒத்துக்கொண்டமையை உலகம் புகழ்ந்தது. அவரோ தம் ஊரின் பெயர் அத்தீர்ப்பிற் காணாமையால் இசைந்தாரல்லர். 2021-இல் அவ்வூரை நோக்கிவந்த சுரங்க விரிவைத் திட்டத்தினின்று நீக்கினர். அவரையும் மேசையில் அமர்த்தி, அவர் வாக்கையும் எண்ணிப் பதிந்தமையை யான் ஜெர்மனியின் சிறப்பாகக் கொள்கின்றேன். எனினும் ஹோர்னோ ஊரார்க்கு அத்தகைய மேசை ஒன்று இருந்ததில்லை.

ஸ்பெயின் நாடு சிறிய உதாரணமாயினும் தெளிவானது. 2018-ஆம் ஆண்டு அக்டோபரில் அரசாங்கமும் சுரங்கத் தொழிற்சங்கங்களும் 25 கோடி யூரோவுக்கு ஓர் உடன்படிக்கை செய்தன. 48 வயது நிரம்பிய தொழிலாளர் ஓய்வுபெறலாம், இளையோர்க்குப் பயிற்சியும் சுரங்க நிலத்தைச் செப்பனிடும் வேலையும் உண்டு என்பன அதன் சாரம். அவ்வாண்டிறுதியிலேயே பெரும்பாலான சுரங்கங்கள் மூடின. 2020-ஆம் ஆண்டு ஜூன் இறுதியில் நாட்டின் நிலக்கரி நிலையங்களிற் பாதியளவும் நின்றன. கையெழுத்து முன், பூட்டு பின். போலந்து நாடோ 2021-இல் தொழிலாளரோடு செய்த உடன்படிக்கையில் இறுதிச் சுரங்கத்துக்கு 2049 என்று நாள் குறித்தது. தொழிலாளரைக் கேட்டது நன்று. ஆனால் அதுவரையில் வானைக் கேட்டவர் யார்?

தென்னாப்பிரிக்காவின் கதை நம் நாட்டினர்க்கு மிக அணித்தானது. அங்கே பத்தில் எட்டுப் பங்கு மின்சாரம் நிலக்கரியினின்றே வருகின்றது. மூன்றில் ஒருவர்க்கு வேலையில்லை. 2021-ஆம் ஆண்டு கிளாஸ்கோ மாநாட்டில் இங்கிலாந்து, பிரான்ஸ், ஜெர்மனி, அமெரிக்கா, ஐரோப்பியக் கூட்டமைப்பு ஆகியவை 850 கோடி டாலர் திரட்டித் தருவதாக அந்நாட்டுக்கு வாக்களித்தன. அதிற் பெரும்பகுதி கடனேயன்றிக் கொடையன்று. 2025-இல் அமெரிக்கா அவ்வாக்கினின்றும் விலகிவிட்டது. இம்முயற்சிக்கு முன்மாதிரியாக எடுத்துக்கொண்டது ம்புமலாங்கா மாகாணத்துக் கொமாட்டி நிலையம். 1961-இல் தொடங்கிய அந்நிலையத்தின் கடைசி இயந்திரம் 2022-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள் நின்றது. உலக வங்கி அந்நிலையத்தின் மாற்றத்துக்கென 49 கோடி 70 இலட்சம் டாலர் திட்டத்துக்கு இசைவளித்தது அதற்கடுத்த திங்களில்!

விளைவை ஊகித்தல் அரிதன்று. நிரந்தர ஊழியர்கள் வேறு நிலையங்களுக்கு மாற்றப்பட்டனர். ஒப்பந்தக் கூலிகள் வேலையிழந்தனர். அவர்களை நம்பிய கடைகளும் வாடகை வீடுகளும் வெறுமையாயின. கதிரொளி மின்சாரமும் தொழிற்பயிற்சியும் வரும் என்ற சொல் இருந்தது, அவை வந்தபாடில்லை. ஊராரை முன்னரே கலந்து, மாற்று வேலையை ஆயத்தம் செய்திருத்தல் வேண்டும் என்று அந்நாட்டுக் குடியரசுத் தலைவர் அமைத்த பருவநிலைக் குழுவே பின்னர் எடுத்துரைத்தது. அதுவும் நாடெங்கும் நாள்தோறும் பல மணிநேரம் மின்வெட்டு நிகழ்ந்த காலம். இருளில் அமர்ந்திருப்பவனிடம் விளக்கொன்றை அவித்துவிட்டு, நாளை வேறு விளக்கு வரும் என்றால் அவன் நம்புவானா? கொமாட்டியின் பெயரைச் சொல்லியே இன்று அந்நாட்டில் நிலக்கரி நீக்கத்தை எதிர்ப்போர் வாதிடுகின்றனர். முறைபிறழ்ந்து மூடிய ஒரு நிலையம், முறையாக மூடவேண்டிய பத்து நிலையங்களுக்குத் தடையாயிற்று.

இவ்விடத்தில் எம் கழகத்து நண்பர் எழுந்து மறுப்பார் என்பதை அறிவேன். "தொழிலாளர்க்குப் பதினோராண்டு முன்னறிவிப்பு, ஊரார்க்கு மேசை, எல்லார்க்கும் உடன்படிக்கை என்று காத்திருந்தால் கடல் காத்திருக்குமா? ஜெர்மனியின் ஒவ்வோராண்டுத் தாமதமும் எங்கோ ஒரு கடற்கரைக் குடிசையின்மேல் விழுகின்றதன்றோ?" என்பார். இவ்வினா வலியது. இதற்கு முழுவிடை என்னிடமில்லை. ஆயினும் ஒன்று கூறலாம். ஸ்பெயின் மூன்று திங்களில் உடன்படிக்கையும் செய்தது, சுரங்கமும் மூடிற்று. இங்கிலாந்து ஒன்பதாண்டு முன்னே நாளைச் சொன்னமையாலேயே அந்நாளுக்கு முன் முடித்தது. விரைவும் நீதியும் எப்பொழுதும் பகையல்ல. போலந்தின் 2049 நீதியின் பெயரால் வந்த தாமதம், கொமாட்டி விரைவின் பெயரால் வந்த அநீதி. இரண்டும் நாளை முன்னரே துணிந்து குறித்து, அந்நாளுக்காகப் பொருளை முன்னரே ஒதுக்காமையின் விளைவே. ஆகவே தவணை நீளல் வேண்டும் என்பது என் கட்சியன்று. தவணையை இன்றே எழுதுதல் வேண்டும் என்பதே.

இந்திய நாட்டில் மின்சாரத்திற் பத்தில் ஏழு பங்குக்குக் குறையாமல் நிலக்கரியாலாகின்றது. கிளாஸ்கோ மாநாட்டின் தீர்மானத்தில் நிலக்கரியை "அறவே நீக்குதல்" என்றிருந்த சொல்லைப் "படிப்படியாகக் குறைத்தல்" என்று மாற்றக் கேட்டது நம் நாடே. நெடுங்காலம் கரியெரித்துச் செல்வம் சேர்த்த நாடுகள் நம்மை அவசரப்படுத்துதல் முறையன்று என்பதில் நியாயமுண்டு. 2070-இல் கரியமிலவாயுக் கணக்கைச் சமன்செய்வதாக வாக்களித்திருக்கின்றோம். நிலக்கரிக்கு மட்டும் முடிவாண்டு ஒன்றும் குறித்திலேம்.

நம்மருகே நெய்வேலி இருக்கின்றது. லாவுசிட்ஸைப் போன்றே அங்கும் பழுப்பு நிலக்கரி, அங்கும் மேல்மண்ணை அகழ்ந்தெடுக்கும் சுரங்கம், அங்கும் நிலமிழந்த ஊர்கள். 1956-இல் நிறுவனம் தோன்றிற்று. சோவியத் நாட்டின் துணையால் எழுந்த முதல் மின்நிலையம் 1962-இல் மின்சாரம் வழங்கத் தொடங்கிற்று. தென்னாட்டு ஆலைகளும் வயற்கிணறுகளும் அதனால் இயங்கின. அந்நன்றியை மறத்தல் தகாது. 600 மெகாவாட் ஆற்றலுள்ள அப்பழைய நிலையம் 2020-இல் மூடப்பட்டது. மூடும் பூட்டு அங்கே எளிதாக இருந்தது. என்னை? அதனருகே 1,000 மெகாவாட்டுக்குப் புதிய நிலையம் ஒன்று, அதுவும் பழுப்பு நிலக்கரியையே எரிப்பது, எழுந்திருந்தது.

அப்புதிய நிலையத்தில் இவ்வாண்டு வேலைக்குச் சேரும் இளைஞர் ஒருவர்க்கு ஏறக்குறைய என் வயதே இருக்கலாம். அறுபதாவது வயதில் அவர் ஓய்வுபெறும் ஆண்டு 2060-ஐக் கடந்து வரும். நிலையம் ஓய்வுபெறும் ஆண்டு எதுவென்று அவர்க்கு எவரும் எழுதிக் கொடுத்ததில்லை.